பழைய பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த ஷிஃப்ட் கிட் போடலாம்?" என்பதுதான். கியரைச் சட்டென மாற வைக்கப் பெட்டிக்குள் போடும் உதிரிபாகத் தொகுப்பு அது. "ஆயில் என்ன நிறத்துல இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பல பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிட் வாங்குவது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் ஊசி போட்டுக்கொள்வது மாதிரி.

என்னுடையது 1978 செவ்ரோலெட் சி10. 350 கன அங்குல எஞ்சின், அதன் பின்னால் மூன்று கியர் டிஎச்350 இருந்தது. இப்போது நான்கு கியர் 700ஆர்4 இருக்கிறது. நண்பர்களின் ஃபோர்டு சி6, டாட்ஜில் வந்த கிறைஸ்லரின் டார்க்ஃப்ளைட் 727 ஆகியவற்றிலும் கை வைத்திருக்கிறேன். இவை எல்லாமே கம்ப்யூட்டர் இல்லாத காலத்துப் பெட்டிகள். 727 வந்தது 1962-இல், சி6 1966-இல், டிஎச்350 1969 மாடலில், 700ஆர்4 1982-இல். ஆயில் அழுத்தமும் சில ஸ்பிரிங்குகளும்தான் இவற்றின் மூளை. அதனால்தான் ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே நிறைய செய்ய முடிகிறது.

இவற்றைச் சாகடிப்பவை பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: சூடு, அழுத்தக் குறைவு. அழுத்தம் குறைந்தால் கிளட்ச் பிளேட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும்; வழுக்கினால் சூடு; சூட்டில் ஆயில் கெட்டு, ரப்பர் சீல்கள் கல்லாகி, அழுத்தம் இன்னும் குறையும். நான் சொல்லும் வேலை வரிசை இந்தச் சுழலை உடைப்பதற்கானது. பெரிய செலவு கடைசியில்தான் வரும்.

ஆயிலைப் படிப்பது

வண்டியை ஒரு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒருமுறை லீவரைப் போய்வர விடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஜிஎம் (செவ்ரோலெட்டின் தாய் நிறுவனம்), ஃபோர்டு பெட்டிகளில் லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். கிறைஸ்லர் 727-இல் மட்டும் நியூட்ரல். அந்தப் பெட்டியில் பார்க்கில் டார்க் கன்வெர்ட்டருக்கு (எஞ்சினின் விசையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உருண்டைக் கலம்) ஆயில் போகாது, அளவு தப்பாகக் காட்டும்.

ஜிஎம் டிப்ஸ்டிக்கில் 'ஊற்று' கோட்டுக்கும் 'முழு' கோட்டுக்கும் நடுவே இருப்பது சுமார் அரை லிட்டர்தான். எஞ்சின் ஆயில் பழக்கத்தில் ஒரு லிட்டரைக் கவிழ்த்துவிடாதீர்கள். அளவு கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருக்கிறது, காற்று அமுங்கும், அழுத்தம் போய்விடும். ஆயில் குறைந்தால் வரும் அதே வழுக்கல் கூடினாலும் வருவது இதனால்தான்.

அடுத்து, இரண்டு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு என்றால் கவலை இல்லை. லேசான பழுப்பு, ஆனால் நாற்றம் இல்லை என்றால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கருமை ஏறி, கருகிய வாடை மூக்கில் அடித்தால் கிளட்ச் பிளேட் ஏற்கெனவே எரிந்திருக்கிறது. சொட்டின் நடுவில் கரும்பொடி தங்கி ஓரத்தில் மட்டும் எண்ணெய் பரவினால் அதே கதைதான். பால் கலந்தாற்போல் ரோஜா நிறத்தில் இருந்தால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்: ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் உள்ளே வந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் படலத்தை ஒட்டி வைத்திருக்கும் பசையை அது பதம் பார்த்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றித் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ரேடியேட்டரையும் பார்க்க வேண்டும், பெட்டியையும் பிரிக்க வேண்டும்.

"ஆயில் மாத்தினதும் கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்று ஒரு பேச்சு எங்கும் உண்டு. மாற்றியதால் போகவில்லை. வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு ஆயில் ஞாபகமே வருகிறது. போக இருந்தது போகிறது, பழி புது ஆயில் மேல். பெட்டி ஒழுங்காக ஓடும்போது மாற்றுங்கள். லோடு இழுக்கும் வண்டிக்கு ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது என் வழக்கம். வருடக்கணக்காக நின்று கிடந்த வண்டி என்றால் வாங்கியதும் முதல் வேலையே அதுதான்.

டிஎச்350, அதன் கனரக அண்ணன் டிஎச்400, 700ஆர்4 எல்லாவற்றுக்கும் டெக்ஸ்ரான் வகை. 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6 பழைய பெட்டிகளுக்கும் பொருந்தும் என்று ஜிஎம் சொல்கிறது. சீல்கள் பழசாக இருந்தால் சற்றுக் கெட்டியான டெக்ஸ்ரான் 3 தரத்து ஆயிலையே நான் ஊற்றுகிறேன். 1970-களின் நடுப்பகுதி வரை வந்த ஃபோர்டு பெட்டிகளுக்கு டைப் எஃப். வழுக்கலை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் மருந்துகளின் பக்கம் போகாதீர்கள்.

அழுத்தத்தை ஆட்டிவைக்கும் சின்ன சாமான்

'வண்டி லோடில் இருக்கிறதா, சும்மா உருள்கிறதா' என்பது பெட்டிக்குத் தெரிய வேண்டும். அதற்கேற்பத்தான் அது அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். டிஎச்350, டிஎச்400, சி6 மூன்றிலும் இதைச் சொல்வது வேக்கம் மாடுலேட்டர் என்கிற தகர டப்பி. எஞ்சின் இன்டேக்கிலிருந்து உறிஞ்சுவிசையை (வேக்கம்) கொண்டுவரும் ஒரு ரப்பர் ஹோஸ் அதற்கு வரும்; லோடு கூடினால் அந்த வேக்கம் குறையும். 700ஆர்4-இல் கார்புரேட்டரின் த்ராட்டில் கையிலிருந்து ஒரு கேபிள். 727-இல் ஒரு ராடு.

இவை கெட்டுப்போகும் விதத்தில் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாடுலேட்டரின் ஹோஸ் வெடித்தால் பெட்டிக்கு வேக்கம் கிடைக்காது. 'முழு லோடு' என்று நினைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். கியர் தாமதமாக, முதுகில் அறைந்தாற்போல் விழும். எரிச்சலாக இருக்கும், ஆனால் பிளேட் எரியாது. கேபிளோ ராடோ லூசானால் நடப்பது நேர் எதிர்: பெட்டி 'லோடே இல்லை' என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்கும். கியர் சீக்கிரமாக, வெண்ணெய் மாதிரி மாறும். ஓட்டுகிறவர் "எவ்வளவு சாஃப்ட்டா போகுது பாரு" என்று சந்தோஷப்படுவார். உள்ளே மூன்றாம்-நான்காம் கியர் கிளட்ச் கருகிக்கொண்டிருக்கும். வாங்க வந்த 700ஆர்4 வண்டி சொகுசாக கியர் மாற்றினால் நான் முதலில் பானட்டைத் திறந்து கேபிளைத்தான் பார்ப்பேன்.

மாடுலேட்டரைச் சோதிப்பது சுலபம். டிஎச்350-இல் அது பெட்டியின் வலப்பக்கம், பின்னால் இருக்கும். ஹோஸை உருவி, அதன் வாயில் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் சரி. விரல் சிவப்பாக நனைந்து வந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. எஞ்சின் அந்த ஹோஸ் வழியாக கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ஆயில் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இந்த விரல் சோதனையைச் செய்யுங்கள். மாற்றுவது ஒரே போல்ட், ஒரு கவ்வி, ஒரு ஓ-ரிங். கழற்றும்போது துளைக்குள் இருக்கும் சின்ன வால்வு கீழே விழுந்து உருண்டோடும், பிடித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் மாற்றும்போது வேக்கத்தில் சப்பிப் போகாத கெட்டிச் சுவர் ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள்.

700ஆர்4 கேபிளைச் சரிசெய்யும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கார்புரேட்டர் பக்கத்தில் கேபிள் உறையின் முனையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழுக்கிச் செல்லும் பகுதியைத் த்ராட்டிலிலிருந்து விலகும் திசையில் முட்டும்வரை பின்னால் தள்ளுங்கள். பொத்தானை விடுங்கள். இப்போது த்ராட்டில் கையைக் கையாலேயே முழுக்கத் திறந்தால் 'கிளிக் கிளிக்' என்று தானாக நகர்ந்து தன் இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். ஆனால் இது ஒரிஜினல் கார்புரேட்டருக்கு. வேறு கார்புரேட்டர் மாற்றியிருந்தால் த்ராட்டில் கையில் கேபிள் மாட்டும் புள்ளி வேறு உயரத்தில் இருக்கும். முழு ஆக்சிலேட்டரில் கேபிள் முழுசாக இழுபட்டாலும் நடுவில் தப்பாகவே நிற்கும். அதற்கென்றே திருத்தும் பிராக்கெட் விற்கிறார்கள். இந்தப் பெட்டிக்கு வாங்கும் பொருள்களில் அதைவிட உருப்படியானது குறைவு.

பேனை இறக்குவது

பேன் என்பது பெட்டியின் அடியில் ஆயிலைத் தாங்கும் தகரத் தட்டு. அதை இறக்குவது மலிவான வேலை, அழுக்கான வேலை, நிறையக் கற்றுத்தரும் வேலை. முதலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். ஓடி நின்ற உடனே இறக்கினால் தொண்ணூறு டிகிரி ஆயில் முழங்கை வழியே வழியும்.

எந்தப் பெட்டி என்று தெரியாவிட்டால் பேனைப் பாருங்கள். டிஎச்350-க்கு 13 போல்ட், சதுரப் பேனில் ஒரு பின்மூலை மட்டும் வெட்டினாற்போல் இருக்கும். 700ஆர்4-க்கு 16 போல்ட். பல பழைய பேன்களில் வடிகால் போல்ட் கிடையாது. அதனால் முன்பக்க இரண்டு போல்ட்டைச் சற்று லூசாக மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழற்றி, பின்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் தட்டிச் சரியவிடுங்கள். அகலமான தட்டு வையுங்கள். எவ்வளவு அகலமாக வைத்தாலும் கொஞ்சம் தரைக்குப் போகும்.

வருவது நாலைந்து லிட்டர்தான். டிஎச்350-இல் மொத்தம் ஒன்பதரை லிட்டருக்குப் பக்கம் இருக்கும்; மீதி கன்வெர்ட்டருக்குள். சி6 போன்ற சில கன்வெர்ட்டர்களில் வடிகால் போல்ட் இருக்கும், அப்படியானால் அதையும் திறங்கள். இல்லையென்றால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி பேனை இறக்குங்கள். கூலர் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு எஞ்சினை ஓடவிட்டு மாற்றும் முறையும் உண்டு; இரண்டு லிட்டர் வெளியே வந்ததும் அணைத்து, இரண்டு லிட்டர் ஊற்றி, மறுபடி என்று போக வேண்டும். கூட ஓர் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள். ஆயில் இல்லாமல் பம்ப் சில நொடி சுற்றினாலும் தேய்மானம் பம்புக்குத்தான்.

பேனின் அடியில் இருப்பதை வெளிச்சத்தில் பாருங்கள். பல் தேய்க்கும் பேஸ்ட் பதத்தில் நுண்ணிய சாம்பல் நிறக் கசடு, காந்தம் இருந்தால் அதில் மயிர் முளைத்தாற்போல் இரும்புப் பொடி: இது இயல்பு. மிளகுத் தூள் போல் கறுப்புத் துகள் நிறைய இருந்தால் கிளட்ச் பிளேட் உதிர்கிறது. பித்தளை மினுமினுப்பு என்றால் புஷ்ஷோ த்ரஸ்ட் வாஷரோ தேய்கிறது. வெள்ளி நிறச் சுருள், நகத்தில் குத்தும் அளவுக்குத் துண்டுகள் என்றால் மூடி வைத்துவிட்டு ரீபில்டுக்குக் காசு சேர்க்க ஆரம்பியுங்கள்.

ஃபில்டர் மாற்றும்போது 700ஆர்4-இல் கவனம்: ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி ஒரு சீல் உண்டு. பழைய ஃபில்டரை உருவும்போது அந்த சீல் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைத் தோண்டி எடுக்காமல் புதிதைத் திணித்தால் ஃபில்டர் உட்காராது. சீலே இல்லாமல் மாட்டினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் உள்பக்கமாக மடக்கி எடுங்கள், அலுமினியத் துளையில் கீறல் விழக்கூடாது.

பேனின் விளிம்பை மரக்கட்டை மேல் கவிழ்த்து, போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருப்பதைத் தட்டிச் சமப்படுத்துங்கள். ஒழுகல்களில் பாதிக்கு இந்தக் குழிகளே காரணம்; முன்னால் யாரோ பலம் காட்டி முறுக்கியிருப்பார்கள். கேஸ்கெட்டுக்கு சிலிகான் பசை வேண்டவே வேண்டாம், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஃபில்டரில் போய் அடைக்கும். கேஸ்கெட் நழுவாமல் நிற்க வாசலின் போதும், அது ஆயிலில் கரைந்துவிடும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மெதுவாக, சுமார் 16 நியூட்டன் மீட்டர் வரை. அது உண்மையிலேயே குறைவான முறுக்குதான். பெரிய ரென்ச் எடுத்தால் கை கேட்காது.

ஊற்றும்போது நாலு லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, எல்லா கியரும் போட்டு எடுத்து, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

அடியில் படுத்திருக்கும்போதே சி6-இன் பேண்டையும் (உள்ளே டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) முடித்துவிடலாம். வெளியே தெரியும் லாக் நட்டைக் கழற்றிப் புது நட் போட்டு (பழசு ஒழுகும்), ஸ்க்ரூவை 13.5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, சரியாக ஒன்றரைச் சுற்று பின்னால் திருப்பி, ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இரண்டாம் கியர் தயங்கித் தயங்கி விழுந்துகொண்டிருந்தால் பல சமயம் இதிலேயே சரியாகும். 727-இலும் பேண்டுகள் உண்டு, பின்னால் திருப்பும் சுற்று வருடத்துக்கும் எஞ்சினுக்கும் மாறும், மேனுவலைப் பாருங்கள். டிஎச்350-இல் திருப்புவதற்கு ஒன்றுமில்லை.

கூலரும் மீட்டரும்

மேம்படுத்துவது என்று நான் சொல்வது இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் காசு என்றால் வெப்ப மீட்டர் வாங்குங்கள். இரண்டு என்றால் கூடவே ஒரு கூலர்.

கியர் ஆயிலுக்கு 80 முதல் 95 டிகிரி சுகமான சூடு. அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 115-ஐத் தாண்டினால் ஆயில் வார்னிஷாகி வால்வுகளில் படியும். 127-க்கு அருகில் சீல்கள் விறைக்கும். 146-ஐ நெருங்கினால் பிளேட் வழுக்கும். வேகம் குறைவாக, லோடு அதிகமாக மேடு ஏறும்போது கன்வெர்ட்டருக்குள் ஆயில் அடித்துக் கலங்குவதில்தான் இந்தச் சூடு பிறக்கிறது. எஞ்சின் மீட்டர் அசையாமல் நிற்கும்போதே கியர்பாக்ஸ் 120-இல் இருக்கலாம். எஞ்சின் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது.

மீட்டரின் சென்சாரைப் பேனில் வைத்தால் பெட்டியின் சராசரிச் சூடு தெரியும். கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் ஆயிலின் சூடு உடனுக்குடன் தெரியும், முள் ஏறி இறங்கி பயமுறுத்தும். நான் பேனில்தான் வைத்திருக்கிறேன். சென்சாருக்கு ஒரு திருகு வாயும் வடிகால் போல்ட்டும் உள்ள பேன் வாங்கிவிட்டால் அடுத்த முறை தரை அசிங்கமாகாது. ஆழமான பேன் வாங்கினால் ஃபில்டரும் அந்த ஆழத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கூடுதல் ஆயில் இருந்தும் மேட்டில் ஃபில்டர் காற்றைக் குடிக்கும்.

கூலரில் குழாயை வளைத்துத் தகடு கோத்தது ஒரு வகை, தட்டுகளை அடுக்கியது இன்னொரு வகை. அடுக்குத் தட்டுதான் அதே அளவுக்கு அதிகம் குளிர்விக்கும். என் ஓட்டு அதற்கே. இருக்கும் ரேடியேட்டர் கூலரைக் கழற்றி எறிய வேண்டாம். பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்கு, அங்கிருந்து புதுக் கூலருக்கு, அங்கிருந்து பெட்டிக்கு என்ற வரிசையில் போகட்டும். குளிரான இடத்தில் ரேடியேட்டர்தான் ஆயிலைச் சூடேற்றவும் செய்யும்.

எந்தக் குழாய் வெளியே போவது, எது திரும்பி வருவது என்று குழம்பினால் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து இரண்டையும் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடாவது பெட்டியிலிருந்து வெளியே போவது. திரும்பி வரும் குழாயைத்தான் வெட்டி நடுவில் கூலரை இணைக்க வேண்டும்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டுக்குத் தாங்காது. மேலே எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட ஹோஸை வாங்குங்கள். ஸ்டீல் குழாயை வெட்டினால் முனையில் சின்ன உருளை விளிம்பு ஏற்றிவிட்டுத்தான் ஹோஸ் மாட்ட வேண்டும், வழுவழுப்பான முனையிலிருந்து ஹோஸ் கழன்றால் சில நிமிடத்தில் பெட்டி காலி. கூலரை ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் ஊசி குத்தி மாட்டும் கிட் வரும், அந்த ஊசிகளைக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு பட்டையை வளைத்துச் சட்டத்தில் மாட்டுங்கள். அதிர்வில் ஊசி ரேடியேட்டர் குழாயை அறுத்துவிடும். பெட்டி ஒருமுறை உள்ளே உடைந்து ரீபில்ட் ஆனால் பழைய கூலரை மாற்றிவிடுங்கள். தட்டுகளுக்கு இடையே சிக்கிய இரும்புத் துகளைக் கழுவி எடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

ஷிஃப்ட் கிட்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். கம்பெனியில் கியர் மாறுவதை மிருதுவாக்க வேண்டுமென்றே கிளட்ச்சை மெதுவாகப் பிடிக்க வைத்திருப்பார்கள். அந்த மெதுவில் சிறு வழுக்கலும் சூடும் உண்டு. கிட்டில் வருவது சில ஸ்பிரிங்குகள், ஆயிலை எந்தக் கிளட்ச்சுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் வால்வு பாடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தகட்டில் எந்தத் துளையை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்ற குறிப்பு, அதற்கான டிரில் பிட். ஆயில் சீக்கிரம் பாயும், கிளட்ச் சட்டெனப் பிடிக்கும், வழுக்கும் நேரம் குறையும். எரிந்த பிளேட்டை அது உயிர்ப்பிக்காது.

சாலை வண்டிக்கும் லோடுக்கும் கிட்டில் உள்ள மிதமான அமைப்பே போதும். பந்தய அமைப்பில் துளைத்தால் ஒவ்வொரு கியருக்கும் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் பின் அச்சில் இருக்கும் கிரவுன் கியரும் அடி வாங்கும். துளையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. சந்தேகம் இருந்தால் சொல்லப்பட்டதில் சின்ன அளவில் ஆரம்பியுங்கள். வால்வு பாடி இறங்கும்போது சின்ன இரும்புக் குண்டுகள் விழும். இறக்கும் முன் ஃபோன் கேமராவை மேல்நோக்கி வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே இறக்குங்கள். திரும்ப ஏற்றும்போது குண்டுகளை அவற்றின் குழியில் வாசலின் வைத்து ஒட்டுங்கள். பஞ்சுத் துணி வேண்டாம், ஒரு நூல் போதும் வால்வை நிறுத்த. போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் முறுக்குக்கு மேல் இறுக்கினால் அலுமினியம் வளைந்து வால்வு சிக்கும்.

நான்காவது கியர்

மூன்று கியர் பெட்டியில் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுவதுதான் மாற்றத் தூண்டும். கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். என் வண்டியில் 235/75ஆர்15 டயர். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 723 சுற்று. கிரவுன் விகிதம் 3.73, அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.73 சுற்று. எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரில் எஞ்சின் 2,700 சுற்று. 700ஆர்4-இன் நான்காம் கியர் 0.70 என்பதால் அதே வேகத்தில் 1,900-க்கு அருகில். முதல் கியரும் 2.52-இலிருந்து 3.06 ஆகிறது, லோடோடு கிளம்பும்போது அந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். இதே மாற்றத்தை 3.08 கிரவுன் உள்ள வண்டியில் செய்தால் நான்காம் கியரில் 1,560 சுற்றுதான் வரும். சின்ன மேட்டுக்கும் மூன்றுக்கு இறங்கி, மறுபடி நான்குக்கு ஏறி, பெட்டி தவித்துக்கொண்டே இருக்கும். அவர்கள் முதலில் கிரவுனைப் பற்றி யோசிக்கட்டும்.

700ஆர்4 வாங்கினால் 1987-க்குப் பின் வந்ததைத் தேடுங்கள், முந்தையவற்றின் பலவீனங்கள் பல அதில் திருத்தப்பட்டிருக்கும். 1990-களில் வந்த 4எல்60ஈ உள்ளே அதன் வாரிசுதான், ஆனால் அதற்குத் தனிக் கம்ப்யூட்டரும் வயரிங்கும் வேண்டும். கேபிள் தலைவலி இல்லை என்பது அதன் நல்ல பக்கம். கனமான டிரெய்லர் இழுப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு 1991-இல் வந்த 4எல்80ஈ பக்கம் போவது நல்லது, அது டிஎச்400 வழி வந்தது.

டிஎச்350-இல் ஆறு அங்குல வால் (பெட்டியின் பின்முனை நீட்டிப்பு) உள்ளதோடு ஒப்பிட்டால் 700ஆர்4 சுமார் 78 மில்லிமீட்டர் நீளம். கீழே தாங்கும் மவுண்ட் 54 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வரும். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை (கிராஸ் மெம்பர்) நகர்த்தி சட்டத்தில் புதுத் துளை போட வேண்டும். பிக்கப்புகளில் நீள வால் டிஎச்350-யும் வந்திருக்கிறது, அதனால் இந்த எண்ணை நம்பிப் பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டை வெட்டாதீர்கள். புதுப் பெட்டியை ஏற்றி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போது, யோக்கை (ஷாஃப்ட்டின் முன்முனையில் பெட்டிக்குள் நுழையும் துண்டு) முழுக்கத் தள்ளி இருபது மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்து, அப்போது அளந்து கொடுங்கள். யோக் இரண்டுக்கும் ஒன்றே, 27 பல். டிஎச்400-இலிருந்து வருபவர்களுக்கு 32 பல், அது பொருந்தாது. ஸ்பீடோமீட்டர் கியரையும் பாருங்கள்.

கன்வெர்ட்டரை லாக் செய்ய, அதாவது உள்ளே வழுக்காமல் எஞ்சினோடு நேராகப் பிணைக்க, 12 வோல்ட் வயர் ஒன்று வேண்டும். நான்காம் கியரில் மட்டும் வேலை செய்யும் பிரஷர் சுவிட்ச் வழியாகவும், பிரேக் மிதித்ததும் துண்டிக்கும் பிரேக் சுவிட்ச் வழியாகவும் அதைக் கொடுங்கள். "எதுக்கு லாக், அது இல்லாமலே ஓடுதே" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். லாக் விழுந்ததும் வெப்ப மீட்டரின் முள் கீழே இறங்குவதை ஒருமுறை பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

மாட்டும்போது நிதானிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் தள்ளும்போது சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று படிப்படியாக 'டொக்' என உள்ளே இறங்கும். கடைசி 'டொக்' வராமல் பெட்டியை எஞ்சினோடு சேர்த்தால் பெட்டியின் மணி வடிவ முன்பகுதி (பெல்) முழுசாக ஒட்டாமல் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூடினால் பம்ப் உடையும். கையால் தள்ளியே இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் கன்வெர்ட்டர் கையில் சுலபமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் எஞ்சினின் பின்னால் சுற்றும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதன் பிறகு போல்ட் போட்டு முன்னால் இழுங்கள். கன்வெர்ட்டரோடு பெட்டி 60 கிலோவைத் தாண்டும், கியர்பாக்ஸ் ஜாக்கி வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். நெஞ்சில் தாங்கி ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முதுகைப் பற்றிப் பின்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது

டிரெய்லர் மாட்டியிருந்தால் நான்காம் கியரை மறந்து மூன்றில் ஓட்டுங்கள், சமதளத்தில் நிதானமாகப் போகும்போது மட்டும் நான்கு. இறக்கத்தில் இரண்டு. சேற்றில் மாட்டினால் ரிவர்ஸ், டிரைவ் என்று மாற்றி மாற்றி ஆட்டாமல் இறங்கிக் கட்டை போடுங்கள். அந்தச் சில நிமிடத்தில் ஏறும் சூடு ஒரு மலைப் பயணத்துக்குச் சமம். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு பார்க். பல நாள் நின்ற 727-இல் கன்வெர்ட்டர் ஆயில் பேனுக்கு வடிந்துவிடும். ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு டிரைவ் போடுங்கள்.

வண்டி நின்றுபோய் இன்னொரு வண்டி கட்டி இழுக்க வந்தால், பின்சக்கரம் தரையில் உருள விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப் சுற்றாது. சக்கரம் சுற்றினால் பெட்டியின் பின்பாதி சொட்டு ஆயில் இல்லாமல் சுற்றும். பின்பக்கத்தைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள், அல்லது ஷாஃப்ட்டைக் கிரவுன் பக்கம் கழற்றி மேலே கட்டிவிடுங்கள். நான்கு போல்ட், ஒரு ஸ்பேனர். கழற்றியதும் ஜாயிண்ட்டின் மூடிகளைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகள் ரோட்டில் கொட்டும்.